எதிர் வீட்டுக்குச் சொல்லாத பாஸ்வேர்டு

"அக்கா, கம்ப்யூட்டரப் பூட்ட முடியுமா?"

ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் நின்றுகொண்டு செல்வி இப்படித்தான் கேட்டாள். நான் தலை நிறைய எண்ணெயை வைத்துக்கொண்டு, மனிதர்கள் யாரையும் பார்க்கிற நிலைமையில் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பீரோவைப் பூட்டலாம், சைக்கிளைப் பூட்டலாம்... கம்ப்யூட்டரை?

"எதுக்குடி பூட்டணும்? எவனாவது தூக்கிட்டுப் போயிடப் போறானா?" என்றேன் கிண்டலாக. அவ்வளவுதான். பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். எண்ணெயாவது ஒன்றாவது! எழுந்து போய் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன்.

(இதையெல்லாம் இத்தனை நாள் கழித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. விஷயம் முடிவுக்கு வந்ததே போன வாரம்தான். சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களும் "எழுதிக்கோ, பேரை மட்டும் மாத்திடு" என்று சொன்னார்கள். மாற்றிவிட்டேன். ஆவடியில் உங்களுக்கு ஒரு செல்வியைத் தெரிந்திருந்தால், சத்தியமாக அது இவள் இல்லை!)

செல்வி எங்கள் குவார்ட்டர்ஸில் கீழ் வீட்டில் இருக்கிறாள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் வீட்டுக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே ஃபேக்டரியில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் பண்ணியவள். போன வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, வீட்டிலிருந்தபடியே டைப் பண்ணிக் கொடுக்க ஆரம்பித்தாள். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்... இவற்றோடு, பூந்தமல்லிப் பக்கம் இருக்கிற ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தின் பரீட்சைக் கேள்வித்தாள்களும் அவளிடம்தான் வரும். அதுதான் பெரிய வேலை. 'ஸ்கூலுக்கே டைப் பண்றவங்க' என்ற பெயரை நம்பித்தான் மற்ற வேலைகளும் வருகின்றன.

வினை வந்தது அந்தக் கேள்வித்தாளில்தான்.

"காலாண்டுப் பரீட்சையில ஒம்பதாங்கிளாஸ் சயின்ஸ் பேப்பர் முன்னாடியே வெளிய போயிருக்குன்னு சொல்லுதாவக்கா. கரெஸ்பாண்டென்ட் சார் என்னைக் கூப்பிட்டு விட்டாவ. 'உங்க வீட்ல இருந்துதான் போச்சுன்னு நான் சொல்லலம்மா. ஆனா எங்க ஸ்கூல்ல இருந்து போகல'ன்னு சொன்னாவ."

அடப்பாவமே! நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் திருப்பி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருக்கலாம். இப்படி மரியாதையாகச் சொன்னால் என்ன செய்வது?

"அரையாண்டுப் பேப்பரும் என்கிட்டதான் தரப் போறாவளாம். ஆனா இதுவும் வெளிய போச்சுன்னா..." 

வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். 'பேப்பரை அவுட் பண்ணினவள்' என்று பெயர் கிளம்பிவிட்டால்? குவார்ட்டர்ஸில் ஒருத்தருக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால், வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிக் காலி பண்ணுகிற வரைக்கும் அது போகாது. 

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்ஷனில் குப்பை கொட்டுகிறவள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் பிளாக்கில் யார் வீட்டு டிவி ரிமோட் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முதல் தடவையாக எனக்குத் தெரிந்த ஒன்றுக்காக ஒருத்தி கூப்பிடுகிறாள். குளித்துவிட்டு ஓடினேன்.

செல்வி வீட்டு முன் ரூமில் டிவிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர். மேலே எம்பிராய்டரி போட்ட துணி. மானிட்டரின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம். எதிரே ஏழெட்டுப் பிள்ளைகள், அதில் சீட்டு விளையாட்டு ஆடிக்கொண்டு! பிளாக்கில் கம்ப்யூட்டர் இருக்கிற வீடு அது ஒன்றுதான். கதவு திறந்திருந்தால் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான். கூட்டத்தைக் கலைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"பாஸ்வேர்டுல்லாம் போட்டுத்தான்க்கா வச்சிருக்கேன்" என்றாள் செல்வி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள். பாஸ்வேர்டு கேட்கிற பெட்டி வந்தது. என் கண்ணில் படாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு டக் டக்கென்று அடித்தாள்.

"உன் வீட்டுக்காரர் டோக்கன் நம்பர்தானே?"

ஆடிப் போய்விட்டாள். "எப்படிக்கா கண்டுபிடிச்சிய?"

இதைக் கண்டுபிடிக்க ஜோசியமா தெரிய வேண்டும்? ஃபேக்டரிக் குடும்பங்களுக்கு எல்லாமே, வேலையில் ஆளுக்கு ஒன்று கொடுக்கிற அந்த டோக்கன் நம்பர்தான். சூட்கேஸில் நம்பர் லாக்கா... டோக்கன் நம்பர். சீட்டுக் குலுக்கலில் எந்த நம்பர் வேண்டும்? டோக்கன் நம்பர். எங்கள் வீட்டுக்காரருக்குக் கல்யாண நாள் மறந்து போகும், டோக்கன் நம்பர் மறக்காது. அதில் தப்பில்லை. ஆனால் கேன்டீனில் மாறிப் போகக் கூடாது என்று அதே நம்பரை டிபன் கேரியரிலும், குடையிலும், சைக்கிள் மட்கார்டிலும் எழுதி வைக்கிறவர்களும் நாம்தானே? செல்வியின் ரகசிய பாஸ்வேர்டு, அந்த நிமிஷம் அவள் வீட்டு ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்த கேரியரின் மேல் சிவப்புப் பெயிண்டில் பளிச்சென்று தெரிந்தது.

"சரி, நம்பரே தெரியாதுன்னு வச்சுக்கோ. இப்பப் பாரு" என்று மறுபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். பெட்டி வந்தது. ஒன்றும் அடிக்காமல், கீபோர்டின் மூலையில் இருக்கிற எஸ்கேப் பட்டனை மட்டும் ஒரு தட்டு தட்டினேன்.

திறந்துகொண்டது.

அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாகிவிட்டது. பாவம், ஒரு வருஷமாக நம்பர் பூட்டு போட்டு வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். வீட்டு உபயோகத்துக்கு வருகிற கம்ப்யூட்டர்களில் இந்த முதல் பாஸ்வேர்டு, யார் யாருக்கு என்ன வால்பேப்பர் என்று தெரிந்துகொள்ளத்தான். காவலுக்கு இல்லை. நீங்களும் இப்போதே போய் உங்கள் வீட்டு எஸ்கேப் பட்டனைத் தட்டிப் பாருங்கள்... பிறகு வந்து மீதியைப் படியுங்கள்.

அடுத்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கி 'டாக்குமென்ட்ஸ்' என்ற இடத்துக்குப் போனேன். கடைசியாக என்னென்ன திறந்து பார்த்தோம் என்று அதுவாகவே வரிசை கட்டி வைத்திருக்கும். நம் வீட்டு ரகசியத்தை வாசலில் நின்று சொல்கிற நல்ல வேலைக்காரி! அதில் ஃபைல்களுக்கெல்லாம் முழுப் பெயர் வைத்திருந்தாள். எந்த கிளாஸ், எந்த சப்ஜெக்ட், எந்தப் பரீட்சை... ஒரு சின்னக் குழந்தைகூடப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

"ஆனா நான் டைப் பண்ணிக் குடுத்ததும் டெலீட் பண்ணிருவேனேக்கா!"

டெலீட் பண்ணினதெல்லாம் ரீசைக்கிள் பின்னில் பத்திரமாக இருந்தது, ஒன்று விடாமல். குப்பைத் தொட்டியைக் காலி பண்ண வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விற்றவன் சொல்லவில்லை, கோர்ஸ் எடுத்தவன் சொல்லவில்லை. பூஜை போட மட்டும் ஞாபகமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்கு முழுக்க அதே வேலை. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டெலீட் பட்டனை அழுத்தினால் நீல நிறத்தில் ஒரு ஸ்கிரீன் வரும். அங்கே ஒரு பாஸ்வேர்டு போட்டால், அதைச் சொல்லாமல் மெஷின் கண்ணையே திறக்காது. எஸ்கேப்பெல்லாம் அங்கே செல்லாது. அந்த இடத்தைத் திறந்து வைத்தேன். அடுப்பைப் பார்க்க எழுந்து போனால் தானாக மூடிக்கொள்கிற மாதிரி ஸ்கிரீன் சேவருக்கும் ஒரு பாஸ்வேர்டு. டாக்குமென்ட்ஸ் வரிசையைத் துடைத்தேன். குப்பையைக் கொட்டினேன். முடிந்த கேள்வித்தாளை ஃபிளாப்பியில் எடுத்துப் பீரோ லாக்கரில் வைத்துவிட்டு, மெஷினில் இருப்பதை அழித்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

"புது பாஸ்வேர்டை நீயே போட்டுக்கோ. எனக்கும் சொல்லாதே. உன் வீட்டுக்காரருக்கும் சொல்லாதே."

"அவுக எங்கக்கா கேக்கப் போறாவ? டிவி ஆன் பண்ணவே அவுகளுக்கு ஆள் வேணும்" என்று அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் என் பிரதாபத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எங்க கேட்ல செக்யூரிட்டிக்கு ஆள் எடுக்கறாங்களாம். அப்ளிகேஷன் வாங்கிட்டு வரட்டுமா?" என்றார். பொறாமை!

அரையாண்டுப் பேப்பர்கள் வர ஆரம்பித்த சமயம். ஒரு நாள் சாயந்தரம் ஆபீஸ் விட்டு வருகிறேன், செல்வி வீட்டுக்குள் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். செல்வி இல்லை. ஆனால் பிள்ளைக் கூட்டம் இருக்கிறது. நடுவில் கம்ப்யூட்டருக்கு எதிரே எதிர் வீட்டுத் தனம் அக்கா. ஒற்றை விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருக்கிறார்!

"இருங்கடா, குந்துங்க. நானு தொறந்துட்டு எந்திரிக்கறேன், அப்பால ஆளுக்கு ஒரு ஆட்டம்."

திறந்துவிட்டார். 

தனம் அக்கா பருத்திப்பட்டில் பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரி வேலை கிடைத்ததும் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். சத்தமான குரல், அதைவிடப் பெரிய மனசு. அவர் பெண் கீதா, செல்வி டைப் பண்ணிக் கொடுக்கிற அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளும் அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா! உங்களுக்கு எப்படி பாஸ்வேர்டு தெரியும்?"

"செல்விதான் சொல்லிக் குட்தா. மார்க்கெட்டுக்குப் போயிகீறா. ஊட்டு சாவி என்னாண்ட தான கீது, எப்பவும் போல" என்றார் சர்வ சாதாரணமாக.

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் வீட்டைப் பூட்டினால் சாவி எதிர் வீட்டில்தான் இருக்கும். ஷிப்ட் முடிந்து வருகிற வீட்டுக்காரர், ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளை, கேஸ் சிலிண்டர்காரர்... எல்லோருக்கும் எதிர் வீடுதான் கதவு திறக்கும். சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால், எதிர் வீட்டோடு சண்டை என்று அர்த்தம். பாஸ்வேர்டும் ஒரு சாவிதானே? செல்வி அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்!

அந்த நேரம் பார்த்து, காய்கறிப் பையோடு அவளே வந்து சேர்ந்தாள். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தால் ஊருக்கெல்லாம் சாவியைக் கொடுப்பாயா, பாதி டைப் பண்ணின பேப்பர் உள்ளே இருக்கிறதா இல்லையா, உனக்கு அறிவு இருக்கிறதா...

"இன்னாம்மா ரொம்பத்தான் பேசற?" என்று தனம் அக்கா குறுக்கே வந்தார். "ஊட்ல நகை கீது, துணிமணி கீது, அல்லாத்துக்கும் சாவிய என்னாண்ட குட்துட்டுப் போறா. இந்தப் பொட்டிக்கு மட்டும் இன்னாத்துக்கு ஒளிச்சி வெக்கணும்? நானு இன்னா திருடியா?"

"உங்களைச் சொல்லலக்கா! போன பரீட்சைக்கு ஒம்பதாங்கிளாஸ் சயின்ஸ் பேப்பர் இந்த வீட்ல இருந்துதான் வெளிய போயிருக்குன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. இன்னொரு தடவை போச்சுன்னா இவளுக்கு வேலையும் போச்சு, மானமும் போச்சு!"

"அக்கா, வேண்டாம்..." என்று செல்வி என் கையைப் பிடித்தாள். அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

தனம் அக்கா "ஒம்பதாங்கிளாசா?" என்று மட்டும் கேட்டார். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். தனம் அக்கா எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிர் வீட்டுக்குப் போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"ஏன்க்கா சொன்னிய?" செல்விக்கு என் மேல் கோபமே வந்துவிட்டது. "எனக்குத் தெரியாதா? கீதாவும் ஒம்பதாங்கிளாஸ்தான். நான் அந்தப் பேப்பர் அடிச்ச வாரம் அவதான் தெனமும் வந்து இதுல உக்காந்திருந்தா. அப்புறம் சயின்ஸ்ல எண்பத்தாறு வாங்கிட்டான்னு தனம் அக்கா பிளாக் பூரா கேசரி குடுத்தாவ. நானும் வாங்கித் தின்னேன்க்கா. என்னத்தச் சொல்ல?"

"தெரிஞ்சுமா பாஸ்வேர்டைச் சொன்னே?"

"அவிய கேட்டாவளே! 'புதுசா இன்னாமோ போட்டுகீறியாமே, எனுக்கு சொல்லலியா'ன்னு சிரிச்சிக்கிட்டே கேட்டாவ. சொல்லலேன்னா, உம் மக திருடின்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிராதா? எம் பிள்ளைக்கு வலிப்பு வந்தப்ப நான் ரேஷன் கடையில நின்னேன். சாவி போட்டுத் திறந்து, தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது யாரு? அவியதானே? அவிய கேட்டு நான் எப்படிக்கா இல்லைன்னு சொல்லுவேன்?"

 கம்ப்யூட்டர் செக்ஷனில் எனக்கு வைரஸைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நன்றிக்கடனைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்கவில்லை. நன்றிக்காக வாயைத் திறந்தால் வேலை போகும், வேலைக்காக வாயை மூடினால் எதிர் வீடு போகும். பாவம், அவள் என்னதான் செய்வாள்?

மறுநாள் காலை என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும் டூட்டிக்குப் போன பிறகு, செல்விக்கு ஒரு சமாதானம் சொல்லலாம் என்று கீழே போனேன். நாங்கள் பேச ஆரம்பிப்பதற்குள் தனம் அக்கா வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே நின்றார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"செல்வி, அந்தப் பாஸ்வேர்ட மாத்திடு. எனுக்கு சொல்லாத."

"அய்யோ அக்கா, நான் ஒண்ணும்..."

"நீ ஒண்ணும் சொல்லல. அதான் எனுக்கு பேஜாரா கீது. மூஞ்சில காறித் துப்பியிருந்தாகூட ஆறுதலா இருந்திருக்கும்."  முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுந்தத் துடைத்துக்கொண்டார். "நானு பெத்தவம்மா. எம்பொண்ணு வந்து 'அம்மா அம்மா'ன்னு கெஞ்சிகினு நின்னா என் வாயி என் பேச்சக் கேக்காது, சொல்லிடுவேன். அதனால எனுக்கு தெரியவே வேணாம். ஊட்டு சாவி என்னாண்டயே இருக்கட்டும். அந்தப் பொட்டிய மட்டும் நீ பாத்துக்கோ."

செல்வி ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். நான் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் மாடிக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் எஸ்டேட் போய்ச் சேருகிற வரைக்கும் நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தேன். ஜலதோஷம் என்று பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன்.

பாஸ்வேர்டு மாறியது. இந்தத் தடவை அது செல்வியைத் தவிர யாருக்கும் தெரியாது. அரையாண்டு முடிகிற வரைக்கும் விளையாட்டுக்கு லீவு என்று பிள்ளைகளிடம் தனம் அக்காவே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கீதா அந்தப் பக்கமே வரவில்லை. கண்ணில் பட்டாலும், தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். பரீட்சை நடந்த நாட்களில் செல்விக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் போதும், பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று எழுந்து நிற்பாள்.

பொங்கல் லீவு முடிந்து போன வாரம் பள்ளிக்கூடம் திறந்தார்கள். முதல் நாளே கரெஸ்பாண்டென்ட் ஆள் அனுப்பிவிட்டார். வரவில்லை எந்தப் புகாரும்! முழுப் பரீட்சைப் பேப்பர்களையும் செல்வியே டைப் பண்ணித் தரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சொல்ல அவள் மாடிப்படி ஏறி வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

அன்று சாயந்தரம் அவள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். தனம் அக்கா கீதாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சயின்ஸ்ல இன்னா மார்க்கு, சொல்லு ஆன்ட்டிக்கு."

கீதா தரையைப் பார்த்துக்கொண்டு, "முப்பத்தெட்டு" என்றாள். எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"போகுதுக்கா, விடுங்க. அடுத்த பரீட்சையில வாங்கிருவா" என்றாள் செல்வி, அவசரமாக.

"இன்னாத்துக்கு வுடணும்? பாஸுதான? முப்பத்தெட்டும் எம்பொண்ணு தானா ராவா பகலா குந்தி பட்ச்சி எய்துனது!" பிளாக் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார் தனம் அக்கா. ஒருவர் முப்பத்தெட்டு மார்க்கை இவ்வளவு பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

செல்வி எழுந்து போய் கீதாவின் தோளில் கை வைத்தாள். "வாட்டி, எத்தனை நாளாச்சு நீ விளையாடி" என்று கம்ப்யூட்டர் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்விட்சைப் போட்டாள். ஸ்கிரீனில் பாஸ்வேர்டு கேட்டது. செல்வி மறைக்கவில்லை. உடம்பைத் திருப்பவில்லை. எப்போதும் போல் அடிக்க விரலைக் கொண்டு போனாள்.

 கீதா தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள்.

இந்த செட்டிங் எந்த மெனுவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.